ஒரு மாத்திரையா, 11 மாத்திரையா?

தினமும் ஒரு முறை என்பதை மருந்துச் சீட்டில் ஆங்கிலத்தில் 'ஒன்ஸ்' (once) என்று எழுதுவார்கள். ஸ்பானிஷ் மட்டும் தெரிந்தவர் அதே நான்கு எழுத்தை 'ஓன்சே' என்று படிப்பார். அதற்குப் பொருள் 11. தெற்கு டெக்சஸில் புரொமோத்தோராக்களுக்கு நான் எடுக்கும் முதல் வகுப்பு இங்கேதான் தொடங்கும்.

புரொமோத்தோரா டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. அதே ஊரில் வாழ்ந்து, ஊராருக்கு உடல்நலம் பற்றிச் சொல்பவர். மெக்சிகோ எல்லையோர ஹிடால்கோ கவுன்ட்டியில், அடிப்படை வசதி குறைந்த 'கொலோனியா' குடியிருப்புகள் நூற்றுக்கணக்கில் உண்டு. காப்பீடு இல்லாத குடும்பங்கள், வீட்டில் ஒருவருக்காவது குடியேற்ற ஆவணம் இல்லையே என்ற பயம். அங்கே என் வெள்ளைக் கோட்டுக்குத் திறக்காத கதவு, பக்கத்துத் தெருக்காரருக்குத் திறக்கும்.

இவர்களுக்குச் சான்றிதழ் கொடுக்க டெக்சஸ் 1999-லேயே சட்டம் போட்டுவிட்டது. 160 மணி நேரப் பயிற்சி, எட்டுத் திறன்கள். நோய் பற்றிய அறிவு அந்த எட்டில் ஒன்றுதான். ஆரம்பத்தில் எனக்கு அது உறைக்கவில்லை. சர்க்கரை நோய் பற்றிக் கணையத்தின் படத்தைப் போட்டு மணிக்கணக்கில் பேசினேன். அப்புறம் ஒரு வீட்டில், "இன்சுலின் போட்டால் கண் போய்விடும்" என்றார் ஒரு அம்மா. என் மாணவி வகுப்பில் கேட்டதை அப்படியே ஒப்பித்தார். அந்த அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார்.

இப்போது கேள்வி கேட்கத்தான் அதிகம் பழக்குகிறேன். "யாருக்குக் கண் போனது?" என்று கேட்டால் கதை வரும். பல வருடம் சர்க்கரை கட்டுக்கடங்காமல், விழித்திரை கெட்ட பிறகு இன்சுலின் தொடங்கியிருப்பார்கள். பழி ஊசி மேல். 'சுஸ்தோ', அதாவது பெரிய பயத்தால்தான் சர்க்கரை வந்தது என்பவரோடு வாதாட வேண்டாம். நோப்பால் கள்ளி சாப்பிடுகிறாரா, சாப்பிடட்டும். நம் வீட்டுப் பாகற்காய் மாதிரிதான். மாத்திரையை நிறுத்தாமல் இருந்தால் சரி. "புரிந்ததா?" என்று மட்டும் கேட்கக் கூடாது. மரியாதைக்கு "ஆமாம்" என்றுதான் பதில் வரும். "இதை வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்க வேண்டும்.

மருந்தின் அளவை மாற்றச் சொல்லக் கூடாது, நெஞ்சு வலி என்றால் உடனே அவசர உதவிக்கு 911. இதெல்லாம் சுலபமாகப் பதிந்துவிடும். ஒரு வீட்டு ரிசல்ட்டை அடுத்த வீட்டில் பேசாமல் இருப்பதுதான் கஷ்டம். அடுத்த வீடு பெரும்பாலும் சொந்த அத்தை வீடு.

பல இடங்களில் இவர்களுக்குச் சம்பளம் மானியப் பணத்தில்தான். போன முறை மானியம் முடிந்தபோது என்னிடம் பயின்ற இரண்டு பேர் ஆரஞ்சு பேக்கிங் வேலைக்குப் போய்விட்டார்கள். புது ஆட்களோடு மறுபடியும் 'ஓன்சே'யிலிருந்து தொடங்கினேன்.