விமானம் ரத்தானால் என்ன கிடைக்கும்: கவுன்டரில் சொல்லாத விதிகள்

மதுரைக்கும் சென்னைக்கும் இடையே வான்வழித் தூரம் சுமார் 420 கிலோமீட்டர். ஜெட் விமானம் வானில் பறப்பது ஒரு மணி நேரத்துக்கும் குறைவுதான் என்றாலும், டிக்கெட்டில் உள்ள புறப்பாட்டு நேரத்துக்கும் வருகை நேரத்துக்கும் நடுவே பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும். நிறுத்துமிடத்திலிருந்து நகர்வது முதல் இறங்கிச் சென்று நிற்பது வரையிலான இந்த 'பிளாக் டைம்'தான் உங்கள் இழப்பீட்டைத் தீர்மானிக்கிறது. இந்திய விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதிப்படி, உரிய முன்னறிவிப்பின்றி விமானம் ரத்தானால் ஒரு மணி நேரம் வரையிலான பயணத்துக்கு 5,000 ரூபாய், இரண்டு மணி நேரம் வரை 7,500, அதற்கு மேல் 10,000. "முக்கால் மணி நேரப் பயணம்தானே" என்று கவுன்டரில் சொல்வதை ஏற்காமல், டிக்கெட்டிலுள்ள நேரத்தைக் காட்டுங்கள்.

இந்தத் தொகை முழுதாகக் கிடைத்துவிடும் என்று நம்பிப் போகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். மேற்சொன்ன தொகை, ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இவ்விரண்டில் எது குறைவோ அதுவே இழப்பீடு. ஆகவே, 2,000 ரூபாய் டிக்கெட்டுக்கு 5,000 கிடைக்காது. தீபாவளி, பொங்கல் நெரிசலில் பெருந்தொகை கொடுத்து வாங்கியவருக்கே இந்தப் படிநிலை பயன்படும்.

அடுத்த பொறி தொலைபேசி எண். புறப்பாட்டுக்கு 24 மணி நேரம் முன்பே ரத்துத் தகவல் வந்திருந்தால் இழப்பீடு இல்லை. முன்பதிவில் சரியான தொடர்பு விவரம் தராதவருக்கும் இல்லை. சிறிய ஊர்களில் ஏஜென்டுகள் பயணியின் எண்ணுக்குப் பதிலாகத் தங்கள் எண்ணையே பதிந்துவிடுகிறார்கள். குறுஞ்செய்தி, இரவில் பூட்டிய கடைக்காரரின் போனுக்குப் போகிறது. விடியற்காலையில் பெட்டிகளோடு வந்து நிற்கும் முதியவர்களிடம், "நேற்றே தெரிவித்துவிட்டோமே" என்ற ஒரே பதில் சொல்லப்படுகிறது. டிக்கெட்டைக் கையில் வாங்கியவுடன் அதில் யாருடைய எண் இருக்கிறது என்று பாருங்கள்.

கவுன்டரில் மாற்று விமானத்தை நீட்டும்போது அவசரப்பட்டுத் தலையசைக்க வேண்டாம். உரிய நேரத்தில் தகவல் வராதபோது மாற்று விமானமா, அல்லது முழுப் பணமும் இழப்பீடுமா என்பதைத் தேர்வு செய்யும் உரிமை பயணியுடையது. முதலாவதை ஏற்றுக்கொண்டபின் இரண்டாவதைக் கேட்பது கடினம். பணத்தைத் திருப்பித் தராமல், அடுத்த பயணத்துக்குப் பயன்படுத்தும் வரவாக நிறுவனத்திடமே வைத்திருக்கும் 'கிரெடிட் ஷெல்'லில் போட்டு வைப்பதும் உங்கள் விருப்பமே தவிர நிறுவனத்தின் விருப்பமல்ல.

வானிலை, வான்போக்குவரத்துக் கட்டுப்பாடு, பாதுகாப்பு அச்சுறுத்தல், வேலைநிறுத்தம் போன்ற, நிறுவனத்தின் கைமீறிய காரணங்களுக்கு இழப்பீடு கிடையாது. அதனால்தான் 'இயக்கக் காரணங்கள்' என்ற மழுப்பலான பதிலே எங்கும் தரப்படுகிறது. எந்தக் காரணம் என்பதை எழுத்தில் அல்லது மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். வாய்மொழிப் பதிலை வைத்துக்கொண்டு பின்னால் எதையும் நிரூபிக்க முடியாது.

வெறும் தாமதத்துக்குப் பண இழப்பீடு இல்லை. எனினும் இரண்டரை மணி நேரம் வரையிலான பயணத்தில் இரண்டு மணி நேரம் தாமதமாகும் நிலை வந்தாலே உணவும் சிற்றுண்டியும் தரவேண்டும். கேட்காதவருக்குப் பல இடங்களில் தருவதில்லை.

முதலில் நிறுவனத்துக்கு எழுதுங்கள். பதில் வராவிட்டாலோ திருப்தியில்லாவிட்டாலோ, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் 'ஏர்சேவா' இணையதளத்தில் புகாரைப் பதியுங்கள். டிக்கெட், ரத்துக் குறுஞ்செய்தி வந்த நேரம் தெரியும் ஸ்கிரீன்ஷாட், நிறுவனத்தின் பதில் ஆகியவற்றை இணைத்து, பிளாக் டைமையும் அதற்குரிய தொகையையும் நீங்களே கணக்கிட்டு முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.