'அப்பா, பிதாவே': ஒரே ஆளுக்கு ஏன் இரண்டு சொல்?

ஓய்வுநாள் பள்ளியில் படித்த காலத்திலிருந்து எனக்கு இருந்த கேள்வி இது. புதிய ஏற்பாட்டில் மூன்றே இடங்களில், அதாவது மாற்கு 14:36, ரோமர் 8:15, கலாத்தியர் 4:6 ஆகியவற்றில், 'அப்பா பிதாவே' என்று சேர்ந்தே வரும். அந்த 'அப்பா' நம் தமிழ்ச் சொல் இல்லை என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. இயேசு பேசிய அரமேய மொழியில் தகப்பனை அழைக்கும் சொல் அது, 'பஸ்' என்பதில் வருகிற 'ப' ஒலியோடு. கிரேக்கத்தில் எழுதியவர்கள் அதை அப்படியே வைத்துவிட்டுப் பக்கத்திலேயே பொருளையும் எழுதினார்கள், அந்தப் பொருள்தான் தமிழில் 'பிதாவே' ஆனது. அரமேயத்துக்கும் தமிழுக்கும் உறவு கிடையாது, குழந்தை வாயில் முதலில் வரும் உதட்டொலிகள் எங்கேயும் ஏறக்குறைய இவைதான்.

'பிதா' வடமொழிச் சொல். வீட்டில் யாரும் புழங்காத சொல் என்பதால் எனக்கு அதில் சிரமமே இருந்ததில்லை. 'அப்பா'தான் கஷ்டம். எனக்கு நினைவு தெரியும் முன்பே அப்பா போய்விட்டார், அந்தச் சொல்லால் நான் யாரையும் கூப்பிட்டதில்லை. கடவுள் அப்பா மாதிரி என்று சொல்லும்போதெல்லாம், அந்த மாதிரிக்கு நான் யாரை நினைத்துக்கொள்வது என்றுதான் தோன்றும்.

அந்த அரமேய 'அப்பா' சின்னக் குழந்தையின் மழலைச் சொல் என்று பிரசங்கங்களில் இன்றும் கேட்கலாம். ஆனால் ஜேம்ஸ் பார் என்ற வேதாகம அறிஞர் 1988இல் எழுதிய கட்டுரையில் அதை மறுத்தார், வளர்ந்தவர்களும் தகப்பனை அப்படித்தான் அழைத்தார்கள் என்றார். எனக்கு இது பெரிய ஆறுதல். கெத்செமனே தோட்டத்தில் அதைச் சொன்ன இயேசுவும் குழந்தை இல்லை, சாவுக்கு முந்தின இரவில் நின்ற மனிதர்.

இதைவிட முக்கியம் ரோமர் 8:15. அங்கே அப்பா என்று கூப்பிட வைப்பது 'புத்திரசுவிகாரத்தின் ஆவி'. சுவிகாரம் என்றால் தனதாக்கிக்கொள்வது, நம் பேச்சில் தத்தெடுப்பது. அப்படியென்றால் அந்த நிருபத்தை எழுதிய பவுல் இந்தச் சொல்லை வைப்பது தத்துப்பிள்ளையின் வாயில்! தத்து வந்த பிள்ளைக்கு அந்தச் சொல் உடனே வந்துவிடாது, கூப்பிட்டுக் கூப்பிட்டுத்தான் பழக வேண்டும்.

சரி, தமிழில் எப்படிச் சொல்லலாம்? கத்தோலிக்கர் பயன்படுத்தும் பொதுமொழிபெயர்ப்பில் 'அப்பா, தந்தையே' என்று இருக்கிறது. நல்ல தமிழ்தான், ஆனால் பழைய வழக்கில் 'தந்தை' என்றால் அவனுடைய தகப்பன். உன் தகப்பன் 'நுந்தை', என் தகப்பன் 'எந்தை'. 'எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்' என்ற குறுந்தொகை வரியில் இரண்டையும் பார்க்கலாம். ஆகவே என் தேர்வு 'எந்தை'தான், அதில் 'என்' உள்ளேயே இருக்கிறது. சைவத்திலும் இதற்கு ஒரு துணை உண்டு. இளமையிலேயே பெற்றோரை இழந்து, அக்கா திலகவதியாரின் ஆதரவில் வளர்ந்த திருநாவுக்கரசர்தான் சிவனை 'அப்பன் நீ அம்மை நீ' என்று பாடினார், அவரையே உலகம் அப்பர் என்றும் அழைக்கிறது.

எந்தையை விளித்தால் 'எந்தாய்' என்று வரும். அம்மா தனியாக வளர்த்த எனக்கு அதில் 'என் தாய்' என்பதும் சேர்ந்தே கேட்கிறது. இப்போதைக்கு ராத்திரி ஜெபத்தில் அப்படித்தான் ஆரம்பிக்கிறேன், 'அப்பா' அப்புறம் வருகிறது.