‘டஃபனிங்’: கடினமாக்கலும் அல்ல, நெகிழ்வூட்டலும் அல்ல

பினாங்கின் பாயான் லெப்பாஸ் ஆலைகளில் மின்னணுச் சில்லுகளின் மேல் வார்க்கும் கறுப்பு எப்பாக்சிப் பிசினைப் பற்றிப் பேசும்போது ‘டஃபனிங்’ (toughening) என்ற சொல் அப்படியே வந்து விழும். ‘டஃப்’ பழைய ஆங்கிலச் சொல். இழுத்தாலும் வளைத்தாலும் எளிதில் அறாதது என்று பொருள்.

இதைக் ‘கடினமாக்கல்’ என்று எழுதுவது தவறு. கடினம் கீறலைத் தாங்குவது, கண்ணாடியும் கடினம்தான். இங்கே அளப்பது, விரிசல் ஓட எவ்வளவு ஆற்றல் செலவாகிறது என்பதை. எப்பாக்சி, பீனாலிக் போன்ற வெப்ப இறுகு பிசின்கள் முப்பரிமாண வலையாகப் பின்னிக்கொள்வதால் சங்கிலிகள் நழுவ இடமில்லை; விரிசல் தடையின்றி ஓடிவிடும். ‘உரமூட்டல்’ பொருளில் பொருந்தும். ஆனால் தோட்டத்தில் வளர்ந்தவருக்குச் செம்பனைக்குப் போடும் உரம்தான் நினைவுக்கு வரும். ‘நொறுங்காமை ஊட்டல்’ என்பதே நேர்.

‘நெகிழ்வூட்டல்’ எனப் பலர் எழுதுகிறார்கள். இது வெறும் சொல் வழு அல்ல, செய்முறையையே தடம் மாற்றும். 1960களின் இறுதியிலிருந்து ஆராயப்பட்ட வழி இது: முனைகளில் கார்பாக்சில் தொகுதி உள்ள பியூட்டாடையீன்–அக்ரிலோநைட்ரைல் திரவ ரப்பரை, 100 பங்கு எப்பாக்சிக்கு 5 முதல் 15 பங்கு கலப்பார்கள். முதலில் அது பிசினில் கரைந்திருக்கும். பிசின் இறுக இறுக, கரைந்திருக்க முடியாமல் ஏறத்தாழ ஒரு மைக்ரான் அளவுத் துளிகளாகப் பிரியும். தெளிவான கலவை பால்போல் வெளுப்பது பிரிந்ததன் அடையாளம். விரிசல் நெருங்கும்போது துளிகளுக்குள் குழி விழும்; சுற்றியுள்ள பிசின் சறுக்கி உருக்குலையும். ஆற்றல் அங்கே தீர்ந்துபோகும். முறிவாற்றல் பத்து மடங்குகூட உயரலாம்.

ரப்பர் பிரியுமுன் பிசின் இறுகிவிட்டால் கதையே வேறு. கரைந்தே நின்ற ரப்பர் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலையை, அதாவது பிசின் விறைப்பை இழந்து இளகத் தொடங்கும் வெப்பநிலையை, இறக்கிவிடும். நெகிழ்வூட்டல் என்பது அதுதான், நமக்கு வேண்டாதது. அவசரச் சூட்டில் இறுக்குவோர் இதில்தான் மாட்டுகிறார்கள். ரப்பரை முதலில் எப்பாக்சியுடன் சுமார் 150 டிகிரி செல்சியசில் வினைபுரிய வைப்பது நல்லது. இல்லையேல் துளிக்கும் பிசினுக்கும் பிடிப்பு இராது. அளவு மிகுந்தால் ரப்பரே தாய்ப்பொருளாகிப் பொருள் தொய்யும்.

பால்மரப் பாலிலிருந்து மலேசியாவில் செய்யும் எப்பாக்சியேற்ற இயற்கை ரப்பரையும் இதற்குப் பயன்படுத்தலாம். அதன் வகைப் பெயர்களில் வரும் 25, 50 என்ற எண்கள் எப்பாக்சியேற்றிய மோல் விழுக்காடு. கட்டி ரப்பரை அப்படியே போட்டால் கலவை கட்டுக்கடங்காமல் தடித்துவிடும். சங்கிலியை வெட்டித் திரவமாக்கிச் சேர்க்க வேண்டும். எஞ்சிய இரட்டைப் பிணைப்புகள் சூட்டில் மூப்படையும் என்பது அதன் குறை.

மிக நெருக்கமாகப் பின்னிய பிசின்களுக்கு ரப்பர் அதிகம் உதவாது. சறுக்கவே இடமில்லாத வலையில் துளி என்ன செய்யும்? விமானக் கூட்டுப்பொருள்களில் பாலிஈதர்சல்போன், பாலிஈதரிமைடு போன்ற வெப்ப இளகு பலபடிகளைக் கலப்பது இதனால்தான். ஆகவே ‘ரப்பரூட்டல்’ ஒரு வகையின் பெயர் மட்டுமே. வெப்ப இளகு பலபடிகளைக் கலந்தால் வெப்பத்தாங்கல் குறையாது, ஆனால் கலவை தேன்போல் தடிக்கும். தடிப்பைக் குறைக்கக் கரைப்பான் சேர்த்தால், இறுக்குமுன் முழுக்க ஓட்டிவிட வேண்டும். மிஞ்சியது குமிழியாகும், விரிசல் அங்கிருந்தே தொடங்கும்.