சேனல் ஸ்டஃபிங்: சரக்குத் திணிப்பு

ஒரு மென்பொருள் நிறுவனம் இந்தக் காலாண்டில் விற்பனை எகிறிவிட்டது என்று அறிவித்தால், முதலில் கேட்க வேண்டியது யாருக்கு விற்றீர்கள் என்பதைத்தான். மென்பொருள் நேராகப் பயனர் கைக்குப் போகலாம். விநியோகஸ்தர், கடை என்று கை மாறியும் போகலாம். இந்த இரண்டாவது வழிக்கு வணிகத்தில் சேனல் என்று பெயர். கடைசியில் வாங்குபவர் எவ்வளவு வாங்குகிறார் என்றே பார்க்காமல், நடுவில் இருப்பவரின் கிடங்கில் சரக்கை ஏற்றிவிட்டு அதையே விற்பனையாக எழுதிக் காட்டினால் அதுதான் சேனல் ஸ்டஃபிங். பேச்சுவழக்கில், விநியோகஸ்தர் தலையில் கட்டுவது.

சேனல், கெனால் (கால்வாய்) இரண்டுமே 'கனாலிஸ்' என்ற லத்தீன் சொல்லின் வழி வந்தவை; குழாய் என்று பொருள். நீர் போகும் வழியைச் சொன்ன சொல் பின்னால் சரக்கு போகும் வழிக்கும் ஆகிவந்தது. அதற்காக 'வாய்க்கால் அடைப்பு' என்று தமிழாக்கினால் ஓட்டம் நின்றுபோன மாதிரி பொருள் மாறிவிடும். இங்கே நடப்பது கொள்ளளவுக்கு மேல் அமுக்கி ஏற்றுவது. அதனால் 'சரக்குத் திணிப்பு' என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

கணினி வைரஸ் தடுப்பு மென்பொருள் விற்கும் மெக்காஃபி நிறுவனத்தின் வழக்கைப் பார்த்தால் இது நன்றாகப் புரியும். 1998 முதல் 2000 வரை அந்த நிறுவனம் வருவாயை 62.2 கோடி டாலர் கூட்டிக் காட்டியது என்று அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் 2006 ஜனவரியில் குற்றம்சாட்டியது. 1998-இல் மட்டும் 56.2 கோடி. விநியோகஸ்தர்களுக்குப் பெரிய தள்ளுபடி, தேவைக்கு மேல் வாங்கிய சரக்கைத் திருப்பி அனுப்பாமல் வைத்திருக்கத் தனியாகப் பணம், அதற்கும் மேல் தன் சொந்தத் துணை நிறுவனத்தை வைத்தே அந்தச் சரக்கைத் திரும்ப வாங்கிக்கொள்வது என்று போயிருக்கிறது. விற்றவரே மறுபக்கம் வாங்கினால் அதற்குப் பெயர் விற்பனையா? குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும் நிறுவனம் 5 கோடி டாலர் அபராதம் கட்டியது.

மோசடி இல்லாத இடத்திலும் இந்தக் குழப்பம் உண்டு, அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். விண்டோஸ் 8 வெளிவந்த முதல் மாதத்தில் 4 கோடி லைசென்ஸ் விற்றதாக மைக்ரோசாஃப்ட் 2012-இல் அறிவித்தது. பொய்க்கணக்கு என்று சொல்ல முடியாது, ஆனால் அதில் கணினித் தயாரிப்பாளர்களுக்கு விற்றதும் அடக்கம். அவர்கள் செய்த கணினியை யாராவது வாங்கித் திறந்தார்களா என்பதை அந்த எண் சொல்லாது. பிறகு விண்டோஸ் 10-க்கு அந்த நிறுவனமே மாதந்தோறும் இயங்கும் கருவிகளைக் கணக்கிட்டுச் சொல்லத் தொடங்கியது. அது எவ்வளவோ நேர்மையான அளவு.

சரி, வெளியிலிருந்து பார்ப்பவர் திணிப்பை எப்படி மோப்பம் பிடிப்பது? வருவாயைவிட வேகமாக வரவேண்டிய பாக்கி ஏறுகிறதா என்று பாருங்கள். சரக்கு போய்விட்டது, காசு வரவில்லை என்று அர்த்தம். காலாண்டின் கடைசி நாட்களில் மட்டும் விற்பனை குவிகிறதா, அடுத்த காலாண்டில் திருப்பி அனுப்பிய சரக்கு கூடுகிறதா என்பதும் முக்கியம். கிடங்கு நிரம்பிய விநியோகஸ்தர் புதிதாக ஆர்டர் போடமாட்டார், அப்புறம் அவரை இன்னும் வாங்கவைக்க இன்னும் பெரிய தள்ளுபடி தர வேண்டிவரும், பள்ளம் ஒவ்வொரு காலாண்டும் பெரிதாகிக்கொண்டே போகும்.