ஹர்த்தால்: தாழ் போட்ட கடை

2009 பிப்ரவரி 4 அன்று பொது வேலைநிறுத்தத்துக்கு அழைப்பு விடுத்தது இலங்கைத் தமிழர் பாதுகாப்பு இயக்கம். ஈழத்தில் போரை நிறுத்தச் சொல்லி இந்திய அரசு இலங்கையை வற்புறுத்தவில்லை என்ற கோபம்தான் தமிழ்த் தேசியத் தலைவர் பழ. நெடுமாறனையும் பா.ம.க., ம.தி.மு.க., விடுதலைச் சிறுத்தைகள், இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிகளையும் ஒரே மேடைக்குக் கொண்டுவந்தது. இப்படி ஒரு அழைப்பு வந்தால் மதுரை கீழமாசி வீதி மளிகைக்கடைகளில் வயதான வியாபாரிகள் "நாளைக்கு அர்த்தாலாம்ல" என்பார்கள்.

அந்த 'அர்த்தால்', அதாவது ஹர்த்தால், குஜராத்தி வழியாக வந்தது. ஹட் என்றால் கடை, தால் என்றால் பூட்டு. 1919 மார்ச்சில் ராஜாஜியின் விருந்தாளியாகச் சென்னையில் தங்கியிருந்தபோதுதான், விசாரணையில்லாமல் சிறையில் அடைக்க வழிசெய்த ரௌலட் சட்டத்தை எதிர்த்து நாடு முழுக்க ஹர்த்தால் நடத்தும் எண்ணம் காந்திக்குத் தோன்றியது. ஏப்ரல் 6 அன்று அது நடந்தது. அதிலிருந்து இந்தச் சொல் பல மொழிகளிலும் புழங்குகிறது. யாழ்ப்பாணத்தில் இன்றும் ஹர்த்தால்தான்.

நமக்குக் கடையடைப்பு இருக்கிறது, அதுவும் அருமையான சொல். கடை என்பதற்கு வாயில் என்றும் பொருள் உண்டு. வீட்டின் பின்பக்கத்தைப் புழக்கடை என்கிறோமே, அந்தக் கடைதான். ஆக, அங்காடியை மூடுவதும் வாசலை அடைப்பதும் இந்த ஒரே சொல்லுக்குள் அடங்குகின்றன. 'தால்' கூட நமக்கு அந்நியமாகத் தெரியவில்லை. "அன்பிற்கும் உண்டோ அடைக்கும்தாழ்" என்ற குறளில் அடைப்பதும் தாழும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

கதவடைப்பு வேறு. ஆலையைப் பூட்டித் தொழிலாளரை வெளியே நிறுத்த முதலாளி செய்வது அது. இரண்டையும் குழப்பி எழுதுகிறார்கள், வருத்தமாக இருக்கிறது.

பந்த் என்பதும் வேறுதான். பேருந்து, அலுவலகம், பள்ளி என்று எல்லாவற்றையும் நிறுத்துவது அது. அதற்கு முழு அடைப்பு என்பது சரியான தமிழ். வலுக்கட்டாயமாக நடத்தப்படும் பந்த் சட்டவிரோதம் என்று 1997-இல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது, உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கடையடைப்பு அப்படி இல்லை. கடைக்காரர் தன் கையால், தானே விரும்பி அடைப்பது.

மதுரை விளக்குத்தூண் பக்கம் கடையடைப்பு நாளில் நடந்து பாருங்கள். ஜவுளிக்கடைகள் எல்லாம் பூட்டியிருக்கும், ஒரு கறுப்புக் கொடி ஷட்டரில் தொங்கும். நாலு கடை தள்ளி, பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே குனிந்து ஒரு பெரியவர் பால் பாக்கெட்டை நீட்டுவார்.