போட்டுவிட்ட நகை, கொடுத்துவிட்ட நகை: அரச குடும்ப விவாகரத்துகளில் மகுடம் யாருக்கு?

குடும்பநல நீதிமன்றத்தில் வழக்காடத் தொடங்கி இருபது ஆண்டுகள் கடந்துவிட்டன. குழந்தை யாரிடம் வளர்வது என்பதற்கு அடுத்தபடியாக, இத்தனை ஆண்டுகளில் நான் அதிக நேரம் வாதிட்டது நகையைப் பற்றித்தான். அதிலும் கடையில் வாங்கிய நகையைவிட, மாமியாரின் பெட்டியிலிருந்து எடுத்து முகூர்த்தத்தன்று மருமகளுக்குப் போட்டுவிட்ட பழைய நகையைப் பற்றி. இந்தச் சிக்கலைக் கட்சிக்காரர்களுக்கு விளக்குவதற்குச் சில காலமாக அரச குடும்பங்களைத் துணைக்கு அழைத்துக்கொள்கிறேன். அவர்களுடைய திருமணங்களும் மணமுறிவுகளும் புகைப்படங்களோடு உலகறியக் கிடக்கின்றன. எந்த மகுடம் எந்த ஆண்டு யார் தலையில் இருந்தது என்பதை எவரும் சரிபார்த்துக்கொள்ளலாம். நம் வீடுகளில் அந்த வசதி கல்யாண ஆல்பத்துக்கு மட்டும்தான் உண்டு.

1981 ஜூலை 29 அன்று லண்டன் செயின்ட் பால் பேராலயத்தில் இளவரசர் சார்லஸை மணந்தபோது டயானா அணிந்திருந்த டியாரா, அதாவது நெற்றிக்கு மேலே கூந்தலில் பொருத்தும் அரைவட்ட மகுடம், அரண்மனையைச் சேர்ந்ததன்று. அது அவர் பிறந்த ஸ்பென்சர் குடும்பத்துடையது. அவருடைய அக்காமார் இருவரும் தத்தம் திருமணத்தில் அதை அணிந்தார்கள். 1989-ல் அவருடைய தம்பியை மணந்த பெண்ணும் அணிந்தார். அந்தத் திருமணம் பின்னர் முறிந்தது, மகுடம் ஸ்பென்சர் வீட்டிலேயே தங்கிவிட்டது. 2018-ல் டயானாவின் அக்காள் மகள் அதே மகுடத்தோடு மணக்கோலம் பூண்டார்.

அரசி இரண்டாம் எலிசபெத் தம் மருமகளுக்குத் தந்தது வேறொரு மகுடம். 'காதலர் முடிச்சு' என்று பெயர்பெற்ற, வரிசையாக முத்துகள் தொங்கும் அந்த மகுடத்தை, அரசி மேரி தம் பாட்டியிடம் இருந்த ஒன்றைப் பார்த்து லண்டனின் கரார்டு நகை நிறுவனத்திடம் 1910-களில் செய்துகொண்டார். 1953-ல் அவர் மறைந்தபின் அது பேத்தி எலிசபெத்துக்கு வந்தது. டயானா அதைப் பல ஆண்டுகள் அரசு விருந்துகளிலும் வெளிநாட்டுப் பயணங்களிலும் அணிந்தார். அதன் கனம் அவருக்குத் தலைவலி தந்ததாகச் சொல்வார்கள். உலகமே அதை 'டயானாவின் மகுடம்' என்று அழைத்தது. ஆயினும் 1996 ஆகஸ்ட் 28 அன்று விவாகரத்து முழுமையானபோது அது அரண்மனைக்குத் திரும்பியது. 2015 முதல் டயானாவின் மூத்த மகன் வில்லியமின் மனைவி கேத்தரின் அதை அணிந்து வருகிறார். எத்தனை ஆண்டுகள் அணிந்தார், எவ்வளவு பொருத்தமாக இருந்தது என்பவையெல்லாம் உரிமைக் கணக்கில் சேரவில்லை. போட்டுக்கொள்ளக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

அதே டயானாவின் விரலில் இருந்த மோதிரம் வேறு வகை. பன்னிரண்டு காரட் எடையுள்ள இலங்கை நீலக்கல்லைச் சுற்றிப் பதினான்கு வைரங்கள் பதித்த அந்த நிச்சயதார்த்த மோதிரம் பரம்பரைப் பொருளன்று. கரார்டின் விலைப்பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்தது. விவாகரத்துக்குப் பின்னும் அது டயானாவிடமே இருந்தது. அவர் மறைவுக்குப் பின் மகன்களுக்குச் சென்றது. 2010-ல் வில்லியம் அதைக் கேத்தரினுக்கு அணிவித்தார். இன்று கேத்தரினின் விரலில் உள்ள மோதிரம் மாமியார் வழி வந்த சொத்து, தலையில் ஏறும் முத்து மகுடம் அரண்மனைப் பெட்டியிலிருந்து வரும் இரவல் என்று நான் சொல்லும்போது, கட்சிக்காரர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருகிறார்கள். இங்கிலாந்துச் சட்டம் இந்த மோதிரத்துக்கென்றே ஒரு விதி வைத்திருக்கிறது: நிச்சயதார்த்த மோதிரம் முழு உரிமையோடு கொடுத்த அன்பளிப்பாகவே கருதப்படும் என்றும், திருமணம் நடக்காவிட்டால் திருப்பித் தரவேண்டும் என்ற நிபந்தனை வெளிப்படையாகவோ உள்ளுறையாகவோ இருந்ததை நிரூபித்தால் மட்டுமே அந்த அனுமானம் உடையும் என்றும் 1970-ஆம் ஆண்டுச் சட்டமொன்று கூறுகிறது.

மகுடமே மருமகளிடம் தங்கிய நிகழ்வுகளும் உண்டு. 1986-ல் இளவரசர் ஆண்ட்ரூவை மணந்த சாரா பெர்குசனுக்காகப் புதிதாக வாங்கப்பட்ட டியாரா, 1996-ல் அவர் விவாகரத்துப் பெற்ற பிறகும் அவரிடமே இருந்தது. டென்மார்க்கில் இளவரசர் யோவாகிமை 1995-ல் மணந்த, ஹாங்காங்கில் பிறந்த அலெக்சாண்ட்ராவுக்கு அரசி மார்கரெத்தே ஒரு பழைய மகுடத்தையே திருமணப் பரிசாகக் கொடுத்துவிட்டார். 2005-ல் மணமுறிவு ஏற்பட்டது. பரிசு பரிசாகவே நின்றது. பழையதா புதியதா என்பது முடிவைத் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இந்த டேனிஷ் மகுடத்தையே நான் எடுத்துக்காட்டுவேன்.

வக்கீலாக எனக்கு மிகவும் பிடித்தவர் இவர்களுக்கெல்லாம் மூத்தவரான அரகான் கேத்தரின், இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் முதல் மனைவி. 1532-ல் எட்டாம் ஹென்றி பிரான்ஸ் மன்னரைச் சந்திக்கக் கலேக்குப் புறப்பட்டபோது, உடன் செல்லவிருந்த, அவர் அடுத்து மணக்கவிருந்த ஆன் பொலின் அணிவதற்காகக் கேத்தரினிடமுள்ள அரசிக்குரிய நகைகளைக் கேட்டனுப்பினார். மன்னரின் வெளிப்படையான ஆணை இல்லாமல் அவற்றைத் தர முடியாது என்று கேத்தரின் மறுத்துவிட்டார். ஆணை வந்தது, நகைகளும் போயின. ஆனால் அவர் விருப்பத்தோடு கொடுக்கவில்லை, கேட்டு வாங்கிக்கொண்டார்கள் என்பது ஐந்நூறு ஆண்டுகள் கழித்தும் பதிவில் இருக்கிறது. நோட்டீஸுக்குப் பதில் எழுதத் தெரிந்த பெண்மணி.

நகை அரசருடையதா, அரசுடையதா என்ற கேள்வி அரச குடும்பங்களையே நீண்ட காலம் அலைக்கழித்திருக்கிறது. மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் மனைவி அரசி சார்லட்டின் நகைகளைத் தம்முடையவை என்று ஜெர்மனியில் ஆண்ட ஹனோவர் கிளையினர் உரிமை கோரியபோது, விக்டோரியா பேரரசி இருபது ஆண்டுகள் இழுத்தடித்தார். 1857-ல் தீர்ப்பு ஹனோவர் பக்கம் அமைந்தது, அணிந்து பழகிய நகைகளை அவர் கழற்றிக் கொடுக்க நேர்ந்தது. அதன்பிறகே தம் நகைகளில் எவை அரசபீடத்துக்குச் சேர வேண்டியவை என்று அவர் தெளிவாகக் குறித்துவைத்தார். டென்மார்க் அரச குடும்பம் 1910-ல் ஓர் அறக்கட்டளை அமைத்துக் குடும்ப நகைகளில் ஒரு பகுதியை அதன் பேரில் வைத்துவிட்டது. ஸ்பெயினின் அரசி விக்டோரியா யூஜீனியா, குறிப்பிட்ட சில நகைகள் அடுத்தடுத்த அரசிகளுக்கே செல்லவேண்டும் என்று உயிலில் எழுதிவைத்தார். அறக்கட்டளைக்குச் சொந்தமான மகுடத்தை மருமகளுக்கு அன்பளிப்பாகக் கொடுக்க மாமியாருக்கே அதிகாரம் இல்லை. ஆகவே விவாகரத்தின்போது அதைப் பற்றிச் சண்டையிடவும் இடமில்லை.

அத்தகைய பதிவு இல்லாதபோது என்ன நடக்கும் என்பதற்குப் பரோடா சமஸ்தானம் சாட்சி. பிதாபுரம் அரசரின் மகளாகச் சென்னையில் பிறந்த சீதாதேவி, 1943-ல் சென்னைக் குதிரைப் பந்தயத்தில் பரோடா மகாராஜா பிரதாப் சிங் கெய்க்வாடைச் சந்தித்தார். இருவரும் ஏற்கெனவே திருமணமானவர்கள். தம் முதல் திருமணத்திலிருந்து விடுபட சீதாதேவி இஸ்லாத்துக்கு மாறி, பிறகு மீண்டும் இந்துவாகி மகாராஜாவை மணந்த கதை அன்றைய வக்கீல்களுக்கு நல்ல வேலை கொடுத்திருக்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அவர் மொனாக்கோவில் குடியேறினார்; சமஸ்தானக் கருவூலத்தின் நகைகளும் சிறுகச் சிறுக அங்கே போய்ச் சேர்ந்தன. 1949-ல் பரோடா இந்திய ஒன்றியத்தில் இணைக்கப்பட்டபோது கருவூலக் கணக்கைப் பார்த்த அரசு, எவையெவை குறைகின்றன என்று கேட்கத் தொடங்கியது. ஒரு பகுதியை மட்டுமே மீட்க முடிந்தது. 1956-ல் கணவரோடு விவாகரத்தும் ஆயிற்று. நகைகள் அவர் கையில், அவரோ வேற்று நாட்டில்.

அவர் அணிந்திருந்த மரகதமும் வைரமும் பதித்த கொலுசுகளை நியூயார்க்கின் ஹாரி வின்ஸ்டன் வாங்கிக் கழுத்தணியாக மாற்ற, அதை எட்டாம் எட்வர்டு அரியணை துறந்து மணந்த விண்ட்சர் சீமாட்டி வாங்கி 1957-ல் ஒரு விருந்துக்கு அணிந்து வந்ததாகவும், அந்தக் கற்கள் தம் காலில் கிடந்தபோதும் அழகாகத்தான் இருந்தன என்று சீதாதேவி சொல்லிவிட, சீமாட்டி அதைக் கடைக்கே திருப்பியனுப்பிவிட்டதாகவும் ஒரு கதை உண்டு. பரோடாவின் புகழ்பெற்ற முத்துக் கம்பளம் 2009-ல் தோஹாவில் ஏறக்குறைய 55 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. சமஸ்தானத்தின் நகை எது, மகாராஜா மனைவிக்குக் கொடுத்த நகை எது என்ற கோடு காகிதத்தில் இல்லாததால், யார் கையில் இருந்ததோ அவருக்கே உரியது என்றாகிவிட்டது.

இனி நம் நீதிமன்றத்துக்கு வருகிறேன். ஒரு பெண்ணுக்குத் திருமணத்துக்கு முன்போ, திருமணத்தின்போதோ, பின்போ, பிறந்த வீட்டாரோ புகுந்த வீட்டாரோ நண்பர்களோ அன்பளிப்பாகக் கொடுத்தவை அவளுடைய ஸ்திரீதனம். பேச்சுவழக்கில் அதைச் சீதனம் என்கிறோம். அதன்மேல் கணவருக்கோ மாமியாருக்கோ உரிமையில்லை என்றும், அதைப் பாதுகாக்க வாங்கிவைத்துக்கொண்டு திருப்பித் தர மறுப்பது நம்பிக்கை மோசடி என்றும் 1985-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. 2024 ஏப்ரலில், திருமண இரவிலேயே நகைகளைப் பறிகொடுத்த ஒரு பெண்ணின் வழக்கில் அவருக்கு 25 லட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்ட அதே நீதிமன்றம், இத்தகைய வழக்கைக் குற்ற வழக்கைப் போல ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை, நிகழ்ந்திருக்கக்கூடியது எது என்று சீர்தூக்கிப் பார்த்தால் போதும் என்றது. பெண்களுக்குச் சாதகமான நிலை இது. ஆனால் 'அன்பளிப்பாகக் கொடுத்தவை' என்ற சொற்றொடரில்தான் பரம்பரை நகை வழக்குகள் மாட்டிக்கொள்கின்றன.

அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி ஒரு வழக்கைச் சொல்கிறேன். என் கட்சிக்காரர் இளைய மருமகள். மாமியார் முகூர்த்தத்தன்று தம் கையாலேயே இடுப்பில் பூட்டிவிட்ட கெம்புக்கல் ஒட்டியாணத்தையும், ஆறு வளையல்களையும் கேட்டு மனுச் செய்திருந்தோம். ஆல்பத்தில் ஒட்டியாணம் தெளிவாகத் தெரிந்ததால் எனக்கு நம்பிக்கை இருந்தது. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் வேறொரு ஆல்பத்தை நீட்டினார். அது ஆறு ஆண்டுகளுக்கு முன் நடந்த மூத்த மகனின் திருமணம். மூத்த மருமகளின் இடுப்பிலும் ஓர் ஒட்டியாணம். நடுப் பதக்கத்துக்கு இடப்புறம் மூன்றாவது பூவில் ஒரு கல் உதிர்ந்து, அந்த இடம் கறுத்துப்போயிருந்தது. எங்கள் ஆல்பத்திலும் அதே மூன்றாவது பூ, அதே கறுப்பு. பிறகு மாமியாரின் கறுப்பு வெள்ளைத் திருமணப் படமும் வந்தது. அதில் கல் இருந்தது. மேற்கொண்டு வாதாட எனக்கு எதுவும் இல்லை. காதலர் முடிச்சு மகுடத்தைப் போல மருமகளுக்கு மருமகள் சுற்றிவரும் நகை என்பதை மூன்று படங்கள் நிரூபித்துவிட்டன. வளையல்கள் மட்டும் கிடைத்தன. திருமணத்துக்குப் பத்து நாள் முன்பு மாமியார் வாங்கிய ரசீதில் மருமகளின் பெயரைக் கடைக்காரர் எழுதியிருந்தார்.

திருமணத்தில் தரப்படும் அன்பளிப்புகளுக்குப் பட்டியல் தயாரித்து, பொருளின் விவரம், தோராய மதிப்பு, கொடுத்தவரின் பெயர், உறவுமுறை ஆகியவற்றை எழுதி மணமக்கள் இருவரும் கையொப்பமிட வேண்டும் என்று வரதட்சணைத் தடைச் சட்டத்தின்கீழ் 1985-ல் விதிகளே வகுக்கப்பட்டுள்ளன. மொய் நோட்டில் நூறு ரூபாய்க்கும் பெயர் எழுதும் நாம், நூறு பவுனுக்கு இதை எழுதுவதில்லை. என்னிடம் வரும் வழக்குகளில் இந்தப் பட்டியலோடு வந்தவர்களை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். லாக்கர் யார் பெயரில் இருக்கிறது, எடைச்சீட்டு எங்கே, பழைய நகையை அழித்துப் புதிது செய்தபோது யார் பணம் சேர்த்தார்கள் என்பனவற்றையெல்லாம் பத்தாண்டு கழித்து நினைவிலிருந்து தோண்டுவதைவிட, அன்றைக்கே அரைப் பக்கம் எழுதுவது எளிது.

சென்ற தை மாதத்தில் ஒரு தாய், மகளின் திருமணத்துக்கு முன்பே என்னிடம் வந்தார். சம்பந்தி அம்மாள் தம் மாமியார் வழி வந்த அட்டிகையைப் போட்டுவிடப்போவதாகச் சொல்லியிருக்கிறார், அது இரவலா அன்பளிப்பா என்று எப்படிக் கேட்பது என்றார். கேட்க வேண்டாம், பட்டியலை இரண்டு பத்தியாகப் பிரித்து, 'கொடுத்தவை' என்றும் 'விசேஷங்களுக்கு அணிவதற்காகத் தந்தவை' என்றும் தலைப்பிட்டு அவர்களிடமே நிரப்பக் கொடுங்கள் என்றேன். முதலில் சம்பந்தி வீட்டில் முகம் சுளித்திருக்கிறார்கள். கல்யாணத்துக்கு முன்பே பிரிவதைப் பற்றிப் பேச்சா என்று. இரண்டு நாள் கழித்து அட்டிகையை இரண்டாம் பத்தியிலும், ஒரு ஜோடித் தோட்டை முதல் பத்தியிலும் எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பிவிட்டார் சம்பந்தி அம்மாள். கூடவே, எழுதாத வெற்றுப் படிவம் இன்னொன்று வேண்டும் என்றும் கேட்டாராம். அவருக்கும் ஒரு மகள் இருக்கிறாள்.