ஹைபிரிட் காரில் 'ஆன்' என்பது 'ரெடி' அல்ல

சென்ற மாதத்தில் மட்டும் நான்கு புதிய ஹைபிரிட் கார்கள் 'பேட்டரி போய்விட்டது' என்ற புகாருடன் என் பட்டறைக்கு வந்தன. அவற்றில் ஒன்றுகூட வாங்கி ஆறு மாதம் ஆனதில்லை. பெட்ரோல் எஞ்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் இந்தக் கார்களில் பேட்டரி இரண்டு: வண்டியை ஓட்ட உதவும் பெரியது ஒன்று, கதவுக்கும் கணினிகளுக்குமான 12 வோல்ட் சிறியது ஒன்று. நான்கிலும் பெரிய பேட்டரிக்கு எந்தக் கேடும் இல்லை. நான்கு உரிமையாளர்களும், ஒருவரை ஒருவர் அறியாதவர்கள், ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: "தினமும் ஆன் செய்துதானே வைத்தேன்!" கோவையில் இருபத்து மூன்று ஆண்டுகளாக ஆட்டோ எலெக்ட்ரிக்கல் வேலை பார்க்கும் எனக்கு, டவுன் ஆன பேட்டரியைப் பார்த்து இதுவரை எரிச்சல் வந்ததில்லை, அதுதான் என் பிழைப்பு. நான்காவது காரைப் பார்த்தபோது வந்தது.

அந்தக் கார் சிங்காநல்லூரில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருடையது. வெளியூரில் வேலை பார்க்கும் மகன் வாங்கிக் கொடுத்துவிட்டு, "அப்பா, ஓட்டாவிட்டாலும் தினமும் ஆன் செய்து வையுங்கள்" என்று சொல்லிப் போயிருக்கிறார். பெரியவர் பள்ளிக்கூடத்து ஒழுங்கோடு தினமும் பத்து நிமிடம் அதைச் செய்திருக்கிறார். பத்தாவது நாள் காலையில் கதவே திறக்கவில்லை. சாவிக்குள் செருகியிருக்கும் இரும்புச் சாவியை எடுத்துக் கதவைத் திறந்து மீட்டரை வைத்தேன். 12 வோல்ட் பேட்டரி 9 வோல்ட்டைக்கூடத் தொடவில்லை. தீர்ந்த பேட்டரிக்கு வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்க என் பெட்டியிலிருந்த ஜம்ப் பேக்கைப் பொருத்திவிட்டு, "ஐயா, நீங்க எப்படி ஆன் பண்ணுவீங்களோ அப்படியே ஒரு தடவை பண்ணிக் காட்டுங்க" என்றேன். அவர் உட்கார்ந்தார். இரண்டு செருப்பையும் பிரேக்கிலிருந்து ஒதுக்கி வைத்துக்கொண்டு, பொத்தானை இரண்டு முறை நிதானமாக அழுத்தினார். திரை மலர்ந்தது, காற்று வீசியது, பக்திப் பாடல் ஒலித்தது. "பாருங்க தம்பி, ஓடுதுல்ல?" என்றார்.

ஓடவில்லை. கிளாம்ப் மீட்டரைப் பேட்டரி ஒயரில் மாட்டியிருந்தேன். அதில் 20 ஆம்பியர் வெளியே போய்க்கொண்டிருந்தது, உள்ளே ஒரு துளிகூட வரவில்லை. பத்து நிமிடத்துக்கு 20 ஆம்பியர் என்றால் மூன்றேகால் ஆம்பியர்-மணிக்குச் சற்றுக் கூடுதல். காரின் கணினிகள் தூங்கும்போது உறிஞ்சுவதையும் சேர்த்தால் நாளொன்றுக்கு நான்கு. அந்தப் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 45. ஒன்பது நாளில் 36 போய்விட்டது. அதாவது காரைத் தொடாமல் விட்டிருந்தால் ஒரு மாதத்துக்கு மேலும் தாங்கியிருக்கும் பேட்டரியை, காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டே ஒன்பது நாளில் காலி செய்திருக்கிறார். அவரிடம் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. மாலையும் கேக்கும் வைத்துச் சாவியைக் கொடுத்துப் படம் எடுத்த ஷோரூம்காரர்கள் இந்த ஒன்றைச் சொல்ல இரண்டு நிமிடம் ஒதுக்கியிருக்கலாம்.

ஹைபிரிட் எப்படி ஓடுகிறது என்று நான் இங்கே விளக்கப் போவதில்லை. ஆனால் இந்த 'ஆன்' விஷயத்தை விளக்காமல் விட மாட்டேன், ஏனென்றால் படித்தவர்கள்கூட இதில்தான் சறுக்குகிறார்கள். பிரேக்கை மிதிக்காமல் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் பாட்டுப் பெட்டிக்கு மின்சாரம் போகும். மறுமுறை அழுத்தினால் எல்லா விளக்கும் எரியும். இரண்டிலும் செலவு மட்டுமே உண்டு, வரவு கிடையாது. பிரேக்கை அழுத்தமாக மிதித்துக்கொண்டு பொத்தானை அழுத்தி, மீட்டரில் 'ரெடி' என்ற விளக்கு எரிந்தால்தான் பெரிய பேட்டரி வண்டியோடு இணைகிறது. அப்போதுதான், ஆல்டர்னேட்டருக்குப் பதிலாக இந்தக் கார்களில் இருக்கும் மாற்றி, பெரிய பேட்டரியின் உயர் மின்னழுத்தத்தை 14 வோல்ட் அளவுக்கு இறக்கிச் சிறிய பேட்டரிக்கு ஊட்டுகிறது. பழைய டீசல் காரில் இப்படிப் பிழை நேர வழியில்லை, எஞ்ஜின் சத்தம் இல்லையென்றால் வண்டி ஓடவில்லை என்று குழந்தைக்கும் தெரியும். ஹைபிரிட்டை விற்கும்போதே "சத்தமே வராது" என்று பெருமையாகச் சொல்லித்தான் விற்கிறார்கள். அதனால் சத்தமில்லாமல் செத்துக்கொண்டிருக்கும் பேட்டரியையும், சத்தமில்லாமல் சார்ஜ் ஆகும் பேட்டரியையும் காதால் பிரிக்க முடியாது. கண்ணால் பிரிக்கலாம்: ரெடி விளக்கைப் பாருங்கள். கையாலும் பிரிக்கலாம்: ஏசியைப் போட்டுக் காற்று மட்டும் வந்து குளிர் வரவே இல்லையென்றால் வண்டி ரெடி நிலையில் இல்லை, ஏனென்றால் இந்தக் கார்களின் கம்ப்ரஸர் பெரும்பாலும் பெரிய பேட்டரியின் மின்சாரத்தில் இயங்குவது.

"இவ்வளவு பெரிய பேட்டரி இருக்கும்போது இந்தச் சின்னது எதற்கு?" என்பது அடுத்து வரும் கேள்வி. இது புதிய கேள்வியும் அல்ல; 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த முதல் பிரியஸிலேயே இரண்டு பேட்டரிகள் இருந்தன. வண்டி அணைந்திருக்கும்போது 200 வோல்ட் அளவிலான மின்சாரம் வண்டியின் உடலெங்கும் ஓடக் கூடாது என்பதற்காகப் பெரிய பேட்டரியை ரிலேக்கள் என்னும் மின் சுவிட்சுகள் முற்றாகத் துண்டித்து வைக்கின்றன. அந்த ரிலேக்களை மறுபடி இணைப்பதற்கும், கணினிகளை எழுப்புவதற்கும், கதவுப் பூட்டுக்கும் 12 வோல்ட்டே வேண்டும். பெட்டகம் நிறைய நகை இருந்தாலும் திறவுகோல் தொலைந்தால் தொலைந்ததுதான். எஞ்ஜினைச் சுழற்றுவது பெரிய பேட்டரியின் வேலை என்பதால் சிறியதைச் சிறியதாகவே வைக்கிறார்கள். வீட்டு வாசலில் நின்றே அது தீர்ந்துபோவதற்கு அதுவும் ஒரு காரணம்.

வாரக்கணக்கில் எடுக்காத வண்டியை வாரம் ஒருமுறை ரெடி நிலைக்குக் கொண்டுவந்து, கியரை 'பி'யில் (பார்க்கிங்) வைத்து, விளக்கும் ஏசியும் இல்லாமல் ஒரு மணி நேரம் விடுங்கள். அதைவிட நல்லது, முப்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வாருங்கள். 'என்'னில் (நியூட்ரல்) வைத்துக் காத்திருக்காதீர்கள், அந்த நிலையில் பெரிய பேட்டரி சார்ஜ் ஆகாது. ஷட்டர் இறக்கிய கார் ஷெட்டுக்குள் இதைச் செய்யவே கூடாது. எஞ்ஜின் நிற்கிறதே என்று நீங்கள் நினைக்கும்போது அது தானாகக் கிளம்பும், நச்சுப்புகை அறையை நிரப்பும். ஒரு மாதத்துக்கு மேல் ஊருக்குப் போகிறீர்கள் என்றால் சிறிய பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். கழற்றும் முன் இரும்புச் சாவியால் கதவு திறக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சாவியை வண்டிக்குள் வைத்துப் பூட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனி டேஷ்கேம். புதுக்கார் வந்த மறுநாளே முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று கேமரா மாட்டி, நிறுத்தியிருக்கும்போதும் பதிவாக வேண்டும் என்று நேரடி மின்சாரத்தில் இணைத்துவிடுகிறார்கள். கால் ஆம்பியர்தான் என்று மாட்டியவர் சொல்வார். கால் ஆம்பியர் இருபத்து நான்கு மணி நேரத்துக்கு 6 ஆம்பியர்-மணி. நான்கு நாள் விடுமுறைக்குள் பாதிப் பேட்டரி காலி. மின்னழுத்தம் குறைந்தால் தானாகத் துண்டிக்கும் கருவி இல்லாமல் அதை மாட்டவே மாட்டாதீர்கள். மாட்டினால் அந்த எல்லையை 12.2 வோல்ட்டுக்குக் கீழே வைக்காதீர்கள். ஸ்மார்ட் சாவியைக் காருக்கு இரண்டடி தள்ளிச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிடும் வழக்கமும் வேண்டாம். சாவி அருகிலேயே இருந்தால் காரும் சாவியும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டே இருக்கும், கார் சரியாகத் தூங்காது.

புதுக்கார் என்பதால் பேட்டரியும் புதிது என்று எண்ண வேண்டாம். ஆலையிலிருந்து வந்து ஸ்டாக்யார்டில் மாதக்கணக்கில் வெயிலில் நின்று, ஒருமுறையோ இருமுறையோ முழுதாகத் தீர்ந்து, டெலிவரிக்கு முதல்நாள் அவசரமாகச் சார்ஜ் ஏற்றப்பட்ட பேட்டரி உங்கள் கைக்கு வரலாம். ஈய-அமிலப் பேட்டரி ஒருமுறை அடிமட்டம் வரை தீர்ந்து அப்படியே கிடந்தால் அதன் தகடுகள் பழைய நிலைக்கு முழுதாகத் திரும்புவதில்லை. ஆகவே டெலிவரி எடுக்கும்போது மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 இருந்தால் நல்லது, 12.2 என்றால் பாதி, 11.8 என்றால் வேறு பேட்டரி போடச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போங்கள். இந்தியாவில் பெரிய பேட்டரிக்குப் பல நிறுவனங்கள் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகின்றன. சிறியதற்கு அது பொருந்தாது. அதன் உத்தரவாதம் தனி, காலமும் குறைவு. அந்தத் தாளைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

வண்டி படுத்த பிறகு செய்யப்படும் தவறுகள் வேறு ரகம். தெருமுனை மெக்கானிக் என் தொழில்காரர்தான், அவரைக் குறை சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் எஞ்ஜின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றி, வண்டி நிற்காவிட்டால் 'சார்ஜிங் நன்றாக இருக்கிறது' என்று தீர்ப்புச் சொல்லும் பழைய வித்தையை நாங்கள் எல்லோரும் லாரியில் கற்றோம். ஹைபிரிட்டில் ரெடி நிலையில் அப்படிக் கழற்றினால் எழும் மின்னழுத்தத் துள்ளல் எந்தக் கணினியை எரிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. தம்பிகளே, தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். ஜம்ப் கொடுப்பதென்றால் பல மாடல்களில் பானெட்டுக்குள் ஃபியூஸ் பெட்டியில் சிவப்பு மூடியிட்ட பிளஸ் முனை இருக்கும். பிளஸ்ஸை அதில் கொடுங்கள், மைனஸ்ஸைப் பெயின்ட் இல்லாத உலோக போல்ட்டில் கொடுங்கள். இந்த வண்டி ரெடி ஆவதற்குக் கொஞ்சம் மின்சாரம் போதும், கையடக்க ஜம்ப் பேக்கே மிகை. பிளஸ், மைனஸ் மாறிவிட்டால் மெயின் ஃபியூஸோடு போனால் அதிர்ஷ்டம். மாற்றியும் சேர்ந்து போனால் செலவை நான் எழுத விரும்பவில்லை. பக்கத்து வீட்டு டீசல் வண்டிக்கு உங்கள் ஹைபிரிட்டிலிருந்து ஜம்ப் கொடுக்கவும் கூடாது, செல்ஃப் மோட்டார் இழுக்கும் மின்சாரத்துக்காக அந்த மாற்றி செய்யப்படவில்லை.

முழுதாகத் தீர்ந்த பேட்டரி ஜம்ப் கொடுத்ததும் பிழைத்துவிட்டது என்று அதோடு விடாதீர்கள். வெளியே எடுத்து 4, 5 ஆம்பியரில் ஓர் இரவு முழுவதும் மெதுவாகச் சார்ஜ் ஏற்ற வேண்டும்; அரை மணியில் ஏற்றித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். மாற்ற நேர்ந்தால் அதே வகையைப் போடுங்கள். சில மாடல்களில் பேட்டரி டிக்கியிலோ இருக்கைக்கு அடியிலோ இருக்கும். அவற்றில் வாயு வெளியேற ஒரு குழாய் பொருத்தியிருப்பார்கள். அங்கே தண்ணீர் ஊற்றும் சாதாரணப் பேட்டரியை வைத்தால் அதன் வாயு நீங்கள் உட்காரும் இடத்தில்தான் சேரும்.

பெரிய பேட்டரியைப் பற்றிக் கொஞ்சம். அதன் அளவுகாட்டி பொதுவாக முழுதாக நிறையாது, முழுதாகத் தீரவும் தீராது; அதன் ஆயுளுக்காகக் கணினி நடுவிலேயே வைத்திருக்கும். இரண்டு கோடு இறங்கியதற்காக இரவு பத்து மணிக்கு என்னை அழைக்க வேண்டாம். பதற வேண்டியது வேறொன்று. பல கார்களில் பின் இருக்கையின் ஓரத்திலோ அடியிலோ ஒரு சல்லடை போன்ற துளை இருக்கும். பெரிய பேட்டரி மூச்சுவிடுவது அதன் வழியாகத்தான். ஆறாயிரம் ரூபாய்க்கு இருக்கை உறை தைத்துப் போடுகிறவர் அதையும் சேர்த்து மூடித் தைத்துவிடுகிறார். சித்திரை வெயிலில் அந்தப் பேட்டரி என்ன பாடுபடும்? உறை போட்ட அன்றே அந்தத் துளையைத் தேடிப் பாருங்கள், அதன் வடிகட்டியைச் சர்வீஸில் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். பெட்ரோல் தீர்ந்த பிறகு, பேட்டரியில் ஓடுகிறதே என்று பங்க்கைத் தேடி ஓட்டாதீர்கள். பெரிய பேட்டரி எல்லையைத் தாண்டி இறங்கிவிட்டால் ஜம்ப் கேபிளால் ஒன்றும் செய்ய முடியாது, நிறுவனத்தின் தனிக் கருவிதான் வர வேண்டும். உயர் மின்னழுத்தம் போகும் ஆரஞ்சு நிற ஒயரை நீங்களும் தொடாதீர்கள், உரிய கையுறையும் பயிற்சியும் இல்லாத எவரையும் தொட விடாதீர்கள்.

சிறிய பேட்டரி பலவீனமானால் மீட்டரில் 'ஹைபிரிட் சிஸ்டத்தைச் சரிபார்க்கவும்' என்பதில் தொடங்கி ஸ்டியரிங், ஏபிஎஸ் என்று எல்லா எச்சரிக்கையும் ஒன்றாக எரியலாம், தேர்த் திருவிழா மாதிரி. உடனே யாரோ ஒருவர் லட்சக்கணக்கில் எஸ்டிமேட் சொல்வார். அந்தத் தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன், சிறிய பேட்டரியை லோடு வைத்துச் சோதித்தார்களா, அதை முழுதாகச் சார்ஜ் ஏற்றிக் கோளாறுகளை அழித்துவிட்டு மறுபடி பார்த்தார்களா என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, அதற்கு முகம் சுளிக்கும் இடத்தில் வண்டியை விட வேண்டாம்.

அழைப்பதற்கு முன் இன்னும் ஒரு சிறிய பேட்டரியையும் நினைத்துக்கொள்ளுங்கள்: சாவிக்குள் இருக்கும் நாணயம் போன்ற செல். போன வாரம் பொள்ளாச்சிச் சாலையில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலுக்கு, எல்லாக் கருவிகளையும் ஏற்றிக்கொண்டு முப்பது கிலோமீட்டர் போனேன். மாப்பிள்ளை வீட்டார் காரைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். சாவியின் முதுகைப் பொத்தானில் ஒட்டவைத்து, பிரேக்கை மிதித்து அழுத்தினேன். ரெடி என்று வந்தது. அங்கிருந்த ஃபேன்சி கடையில் புது செல் வாங்கிப் போட்டுக் கொடுத்துவிட்டு, சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று அவர்கள் கட்டாயப்படுத்தியதால் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன்.